கோழிக்கூட்டின் மேல்திறப்பை அடைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்போருக்கான குளிர்காலக் குறிப்புகள் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியாகியிருந்தன. இறகு உதிர்க்கும் கோழிக்குப் புரதம் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது உட்பட, அதில் சொல்லப்பட்டவற்றுள் பெரும்பாலானவை சரியானவையே. ஆனால், கூட்டின் சன்னல், இடுக்கு அனைத்தையும் காற்றுப் புகாதவாறு அடைத்துவிட்டு உள்ளே ஒரு வெப்ப விளக்கைத் தொங்கவிட வேண்டும் என்ற அறிவுரையைப் படித்த பிறகு இக்கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த அறிவுரையின் முதற்பாதியை என் முதல் குளிர்காலத்தில் அப்படியே செய்து பார்த்தவள் நான்.

அப்போது என்னிடம் ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்கப் போகிறது என்று தெரிந்ததும், கூரைக்கும் சுவருக்கும் இடையே கம்பிவலை போட்டிருந்த திறப்பைப் பழைய சாக்குகளால் அடைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து ஆணியடித்து, கதவிடுக்கில் துணியையும் செருகிவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போனேன். நான்காம் நாள் விடியற்காலையில் கதவைத் திறந்தபோது முதலில் கண் எரிந்தது. அதன் பிறகுதான் நெடி மூக்கில் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால், தகரக் கூரையின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் வரிசை வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஓரங்களில் அவை வெண்பொருக்காக உறைந்திருந்தன. ஒரு பெட்டையின் முதுகைத் தொட்டேன். மழையில் நனைந்ததுபோல் இல்லை. ஆனால் சரியாகக் காயாத துணியைத் தொட்டதுபோல் சில்லென்று இருந்தது. சேவலின் கொண்டையில் மூன்று முனைகள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. சில நாட்களில் அவை கறுத்து, பின்னர் காய்ந்து உதிர்ந்தன. அடைப்பதற்கு முந்தைய வாரம், ஏறக்குறைய அதே குளிரில், திறந்து கிடந்த அதே கூட்டில் ஒரு கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நம்முடையதைவிட நான்கு டிகிரி அதிகம். அந்த வெப்பத்தை வெளியே விடாமல் காப்பது இறகுகளுக்கு அடியில் இருக்கும் தூவியும், அதற்குள் சிறைப்பட்டிருக்கும் காற்றும் ஆகும். குளிரும்போது கோழி உடலைச் சிலிர்த்துப் பந்துபோல் உட்காருவது இந்தக் காற்றடுக்கைத் தடிமனாக்கிக்கொள்ளத்தான். கால்களில் இறகு இல்லாவிட்டாலும், உடலிலிருந்து இறங்கும் சூடான இரத்தக் குழாய்களும் பாதத்திலிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தக் குழாய்களும் ஒட்டி ஓடுவதால், கீழே போகும் சூடு பாதியிலேயே மேலே திரும்பிவிடுகிறது. இப்படிப்பட்ட உடலமைப்புள்ள, முழுமையாக இறகு முளைத்த, நோயற்ற ஒரு கோழி, நீர் உறைநிலைக்குக் கீழேயும் சில டிகிரி வரை எந்தச் செயற்கை வெப்பமும் இல்லாமல் இரவைக் கழித்துவிடும். தடித்த உடலும் சிறிய கொண்டையும் கொண்ட இனங்கள் இன்னும் கடுமையான குளிரையும் தாங்கும். இவை எல்லாம் இறகு உலர்ந்திருக்கும் வரைதான். ஈரம் பட்டால் தூவி ஒட்டிக்கொள்கிறது, காற்றடுக்கு போய்விடுகிறது, பிறகு அந்தக் கோழி ஏறத்தாழ இறகில்லாத கோழிதான்.

மழையே பெய்யாதபோது மூடிய கூட்டுக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள், கோழி குடிக்கும் தண்ணீரின் கணக்கைப் பார்க்க வேண்டும். முட்டையிடும் பருவத்தில் உள்ள ஒரு பெட்டை நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் நீர் குடிக்கிறது. ஒரு முட்டைக்குள் போவது அதில் ஏறத்தாழ 40 மில்லிலிட்டர். மிச்சம் எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வந்தே ஆக வேண்டும். புதிய எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். பத்துக் கோழிகள் இரவு முழுவதும் அடைந்து கிடக்கும் ஒரு சிறு கூட்டுக்குள், யாரோ ஒரு செம்பு வெந்நீரை மெல்ல மெல்ல ஆவியாக்கிக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அந்த ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் துளியாகிக் கோழியின் முதுகில் சொட்டும். கொண்டையிலும் தாடியிலும் படிந்து உறையும். வறண்ட குளிரில் தப்பிக்கும் கொண்டை, அதே அளவு ஈரக்குளிரில் கருகிப் போவதற்குக் காரணம் இதுதான்.

ஈரத்தோடு சேர்ந்து வருவது அம்மோனியா. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது உண்டாகும் இந்த வாயு, கூளம் எவ்வளவு ஈரமாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக எழும்பும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 25 பங்கைத் தாண்டக் கூடாது என்பது கோழிப்பண்ணைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு. நம் மூக்குக்குத் தெளிவாகத் தெரியத் தொடங்கும்போதே கிட்டத்தட்ட அந்த எல்லைக்கு வந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம். மூச்சுக்குழலின் உட்சுவரில், தூசியையும் கிருமியையும் மேலே தள்ளிவிடும் மெல்லிய மயிரிழைகளை அம்மோனியா முடக்குகிறது. அதன் பிறகு வரும் சளி, மூச்சிரைப்பு, கண்ணில் நுரை ஆகியவற்றுக்குக் 'குளிர் தாங்கவில்லை' என்று நாம் பெயர் வைத்து, கூட்டை இன்னும் இறுக்கமாக மூடுகிறோம். நின்றபடி முகர்ந்து பார்த்துவிட்டு வாடையே இல்லை என்று சொல்வதும் போதாது. கோழியின் தலை இருக்கும் உயரத்துக்குக் குனிந்து, அல்லது உட்கார்ந்தே, மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும்.

காற்றோட்டம் என்றவுடன் குளிர்காற்று கோழியின் மேல் வீச வேண்டும் என்று நான் சொல்வதாகப் பொருள்கொள்ள வேண்டாம். கோழி உட்காரும் உயரத்தில் ஊடுருவும் ஊதற்காற்று உண்மையிலேயே கெடுதல்; அது இறகைக் கலைத்து, காற்றடுக்கைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஆகவே திறப்புகள் கோழிகளின் தலைக்கு மேலே, கூரையின் விளிம்பை ஒட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் இருக்க வேண்டும். சூடான ஈரக்காற்று தானாகவே மேலே ஏறும் இயல்புடையது என்பதால் அந்த வழியாக வெளியேறிவிடும். கீழே, கோழிகள் இருக்கும் மட்டத்தில் சுவர்கள் இடுக்கின்றி இருக்கலாம், இருக்கவும் வேண்டும். சந்தேகமாக இருந்தால், மெல்லிய தாளை நாடாபோல் கிழித்து, கோழிகள் உட்காரும் கட்டையருகே தொங்கவிட்டுப் பாருங்கள். அங்கே அது அசையாமல் தொங்க வேண்டும். மேல்திறப்பருகே பிடித்தால் ஆட வேண்டும். மழைச்சாரலும் பனியும் திறப்பின் வழியே உள்ளே விழாமல் இருக்க, கூரை விளிம்பைச் சற்று வெளியே நீட்டினாலே போதும்.

இரவில் கோழி எதன்மேல் உட்காருகிறது என்பதற்கும் பலர் முக்கியத்துவம் கொடுப்பதில்லை. உருண்டையான மெல்லிய கம்பையோ இரும்புக் குழாயையோ பற்றிக்கொண்டு உட்காரும் கோழியின் விரல்கள் கம்பைச் சுற்றி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; உலோகம் சூட்டையும் உறிஞ்சிவிடும். நான்கு அங்குல அகலமுள்ள தட்டையான மரக்கட்டையை அகலப்பக்கம் மேலாக வைத்தால், கோழி பாதத்தை விரித்து வைத்து, அதன்மேல் மார்பிறகை இறக்கி, விரல்களை முழுவதுமாக மூடிக்கொள்ளும். ஒரு கோழிக்கு இருபது முதல் இருபத்தைந்து சென்டிமீட்டர் இடம் கொடுத்தால், அவை தாமாகவே நெருங்கி ஒன்றையொன்று சூடேற்றிக்கொள்ளும். ஓரத்தில் தனியாக உட்கார வேண்டியிருப்பது பெரும்பாலும் கூட்டத்தில் மற்றவை கொத்தி விரட்டும் கோழிதான். குளிரின் பாதிப்பும் முதலில் அதற்குத்தான் வரும் என்பதால், நான் இரவில் விளக்கடித்துப் பார்க்கும்போது ஓரங்களைத்தான் முதலில் பார்ப்பேன்.

தரையைப் பொறுத்தவரை ஆழ்கூளம் எனக்குப் பிடித்தமான முறை. மரச்சீவல், உமி, நறுக்கிய வைக்கோல் ஆகியவற்றில் கிடைப்பதைப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, வாரத்துக்கு ஓரிரு முறை கிளறிவிட்டு, ஈரமான இடத்தை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு, மேலே புதிதாகத் தூவிக்கொண்டே வந்தால், குளிர்காலம் முடிவதற்குள் அது ஒரு முழம் வரை உயர்ந்துவிடும். அடியில் நடக்கும் மக்குதல் சிறிது வெப்பத்தையும் தரும். தானியத்தைக் கொஞ்சம் விசிறிவிட்டால் கிளறும் வேலையைக் கோழிகளே பார்த்துக்கொள்ளும். கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறக்கும்போது, கூளம் உதிர்ந்து விழ வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது, கூளம் சேர்க்க வேண்டும், அல்லது மேல்திறப்பை இன்னும் அகலமாக்க வேண்டும்.

இனி அந்த வெப்ப விளக்கு. உலர்ந்த கூளமும், இறகுத் துகளும், நுண்தூசியும் நிறைந்த மரக்கூட்டுக்குள் 250 வாட் விளக்கு ஒன்றைக் கயிற்றிலோ கம்பியிலோ கட்டித் தொங்கவிடுவதைவிடத் தீப்பிடிக்க எளிய ஏற்பாடு வேறில்லை. இரவில் ஏதோ சத்தத்துக்கு மிரண்டு பறக்கும் ஒரு கோழி அதில் மோதினால் போதும். தீ பிடிக்காவிட்டாலும் வேறு சிக்கல் இருக்கிறது. விளக்கின் வெப்பத்துக்குப் பழகிய கோழி குளிருக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்வதில்லை. மிகக் குளிரான இரவில் மின்சாரம் நின்றுபோனால், சில நிமிடங்களில் பல டிகிரி இறங்கும் வெப்பநிலையை அதனால் தாங்க முடியாமல் போகலாம். நோயுற்ற கோழியையோ, கடுங்குளிரில் இறகு உதிர்த்து அரைநிர்வாணமாக நிற்கும் கோழியையோ காப்பாற்ற வேண்டுமானால், அதை மட்டும் வீட்டின் குளிர் குறைந்த ஒரு மூலைக்குக் கொண்டுவந்து வைப்பது மேல். குஞ்சுகள் விலக்கு: முதல் வாரத்தில் அவற்றுக்கு 32 முதல் 35 டிகிரி வரை வெப்பம் கட்டாயம் வேண்டும், வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வந்து, ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் இறகு முளைத்த பிறகுதான் நிறுத்தலாம். குஞ்சுக்குச் சொன்ன அறிவுரை வளர்ந்த கோழிக்கும் தாவிவிட்டதுதான் இந்தக் குழப்பத்தின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது.

உண்மையில் குளிர்காலத்தில் வளர்ப்பவரை அதிகம் அலைக்கழிப்பது தண்ணீர்தான், அதைப் பற்றித் தங்கள் குறிப்பில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. கிண்ணத்தின் மேற்பரப்பு உறைந்துவிட்டால் கோழிக்குத் தண்ணீர் இல்லை என்றுதான் பொருள். அது பனிக்கட்டியைக் கொத்திக் குடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. குடிக்காத கோழி தின்னாது, தின்னாத கோழிக்கு உடலில் எரிக்க எதுவும் இருக்காது. காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் வெதுவெதுப்பான நீரை மாற்றி வைப்பது எளிய வழி. நெகிழித் தொட்டியைவிட ரப்பர் கிண்ணம் நல்லது. உறைந்தாலும் மிதித்து, கவிழ்த்து, பனிக்கட்டியைத் தட்டிவிடலாம், உடையாது. உறையாமல் இருக்க உப்புப் போடுவது, வேறு எதையாவது கலப்பது போன்ற யோசனைகளை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். கிண்ணத்தின் வாய் அகலமாக இருந்தால் சேவலின் தாடி ஒவ்வொரு மடக்குக்கும் நீரில் தோயும், வெளியே வந்ததும் உறையும். எனவே வாய் குறுகிய பாத்திரமே ஏற்றது. இரவில் கூட்டுக்குள் தண்ணீர் வைக்கத் தேவையில்லை. இருட்டில் கோழி குடிப்பதில்லை. அந்த நீர் ஈரத்தைக் கூட்டத்தான் உதவும்.

தீவனத்தில் பெரிய மாற்றம் வேண்டியதில்லை. நாளொன்றுக்குச் சுமார் 110 முதல் 120 கிராம் தின்னும் ஒரு முட்டைக்கோழி, குளிரில் இன்னும் கூடுதலாகத் தின்னும். தடையில்லாமல் கிடைக்கும்படி வைத்தாலே போதும். அடையும் நேரத்துக்குச் சற்று முன்பாக ஒரு பிடி உடைத்த மக்காச்சோளமோ வேறு தானியமோ விசிறிவிட்டால், கழுத்தடிப் பை நிறைந்து, இரவு முழுவதும் செரிமானம் நடந்து உடலுக்குச் சூடு கிடைக்கும். ஆனால் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தானியமாகிவிட்டால் புரதம் குறைந்துபோகும். புரதம்தான் இறகு உதிர்க்கும் கோழிக்கு முதல் தேவை, ஏனெனில் இறகில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புரதமே.

முட்டை குறைவதைப் பார்த்து வருந்துபவர்களும் அது பெரும்பாலும் குளிரால் அல்ல, பகல் சுருங்குவதால் என்பதை அறிந்திருப்பது நல்லது. மண்டையோட்டின் ஊடாகவே மூளையை எட்டும் ஒளியின் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் பெட்டையின் உடல் முட்டையை உருவாக்குகிறது. நாளொன்றுக்குப் பதினான்கு முதல் பதினாறு மணி நேர வெளிச்சம் இருந்தால்தான் அது சீராக நடக்கும். சிறிய விளக்கொன்றை விடியலுக்கு முன்னால் எரியவிட்டு அதை ஈடுகட்டலாம். மாலையில் எரியவிட்டுச் சட்டென்று அணைத்தால் தரையில் நிற்கும் கோழிகள் இருட்டில் கட்டைக்கு ஏற வழி தெரியாமல் தவிக்கும். நான் விளக்கு வைப்பதில்லை. ஆண்டில் சில வாரங்கள் அவை ஓய்வெடுத்தால் எனக்கு நட்டமில்லை. இட்ட முட்டையை மட்டும் பகலில் இரண்டு மூன்று முறை போய் எடுத்துவிடுகிறேன். உறைந்து ஓடு வெடித்த முட்டையைச் சமைக்கக் கூடாது.

கோழிகள் வெளியே போக மனமின்றி அடைந்து கிடக்கும் நாட்களில் மற்ற தொல்லைகள் தலையெடுக்கும். இறகுக்குள் வாழும் செள்ளுகளில் ஒரு வகை குளிர்காலத்தில்தான் பெருகும். வாரம் ஒரு முறை கோழியைக் கையில் எடுத்து, ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகை விலக்கிப் பார்த்தால், கரும்புள்ளிகளாக ஊர்வது தெரிந்துவிடும். கூரைக்கடியில் உலர்ந்த மண்ணும் சாம்பலும் கலந்த ஒரு பெட்டியை வைத்தால் கோழிகள் புரண்டு குளித்துத் தாமே பாதியை உதறிவிடும். இடம் நெருக்கடியாக இருந்தால் ஒன்றையொன்று கொத்தும். எட்டிக் கொத்தும் உயரத்தில் ஒரு கீரைக்கட்டைக் கட்டித் தொங்கவிட்டால் கவனம் அதில் திரும்பும். வலசைப் பறவைகள் வரும் காலமும் இதுவே என்பதால், பறவைக் காய்ச்சலை மனத்தில் வைத்து, தீவனத்தையும் தண்ணீரையும் காட்டுப் பறவைகள் அண்டாத இடத்தில், கூரைக்கு அடியில் வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல கோழிகள் காரணமின்றி இறந்தால், தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

என் சேவலுக்கு நேர்ந்ததைப்போல் கொண்டை வெளுத்துவிட்டால் செய்யக்கூடாதது அதைத் தேய்ப்பது. உறைந்த திசு தேய்த்தால் கிழியும். குளிர் குறைந்த அறைக்குக் கொண்டுவந்து மெல்ல மெல்லச் சூடேற விட வேண்டும். அடுப்பருகே வைக்கவோ முடி உலர்த்தும் கருவியைக் காட்டவோ கூடாது. பாதம் உறைந்திருந்தால் மட்டும் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைக்கலாம். கறுத்த முனையை வெட்டாமல் விட்டுவிட்டால், அடியில் தோல் ஆறிய பிறகு அதுவே உதிரும். வீக்கமோ சீழோ கண்டால் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். கொண்டை உறைந்த சேவலின் கருவூட்டும் திறனும் சில வாரங்களுக்குக் குறையும் என்பதால், அந்தக் காலத்து முட்டைகளை அடைக்கு வைக்காமல் இருப்பது நல்லது. பெட்ரோலியம் ஜெல்லியைக் கொண்டையில் தடவும் பழக்கம் பலரிடம் உண்டு. நான் தடவுவதில்லை. கூடு உலர்ந்திருந்தால் அது தேவைப்படுவதில்லை, ஈரமாக இருந்தால் அது போதுவதில்லை.

அந்தச் சாக்குகளையும் பிளாஸ்டிக் தாளையும் அன்று காலையிலேயே பிய்த்தெறிந்துவிட்டேன். அதன் பிறகு வந்த எல்லாக் குளிர்காலங்களிலும் என் கூட்டின் மேல்திறப்பு இரவு பகலாகத் திறந்தே இருக்கிறது. சேவலின் குட்டையான கொண்டையைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் குறையவில்லை.

தங்கள் இதழைப் படித்துவிட்டு இந்நேரம் பலர் சாக்கும் ஆணியுமாகக் கூட்டருகே நின்றுகொண்டிருக்கக்கூடும். ஆகவே அந்த அறிவுரைக்கு ஒரு திருத்தத்தைக் கடுங்குளிர் தொடங்குமுன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவாக இருந்தால் இந்த ஒன்றை மட்டும் போட்டாலும் போதும்: விடியற்காலையில் கோழிகளைத் திறந்துவிடுமுன், கூரையின் உட்புறத்தை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்க்க வேண்டும், கை நனைந்தால், மேலே இன்னும் ஒரு பலகையைக் கழற்ற வேண்டும்.

இப்படிக்கு,
கொல்லையில் கோழி வளர்க்கும் வாசகி ஒருவர்